மாட்டை விரட்டினால் குட்டை வற்றும்: கலிபோர்னியப் பண்ணைப் பத்திரங்கள் பற்றி ஒரு விளக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிபோர்னியாவிலோ டெக்சஸிலோ ஒரு மேய்ச்சல் பண்ணை வனவிலங்குக்காகப் பாதுகாக்கப்பட்டது என்று தமிழில் செய்தி வந்தால் இரண்டு வாக்கியங்களில் ஒன்று தவறாமல் இருக்கிறது. ‘பண்ணையைத் தானமாக எழுதிக் கொடுத்தார்’ என்பது ஒன்று. ‘அரசு விலைக்கு வாங்கியது’ என்பது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டுமே நடந்திருக்காது. நிலம் பண்ணைக்காரர் பெயரில்தான் இருக்கும். மாடு மேயும், பிள்ளைகளுக்குப் பாகம் போகும், விரும்பினால் விற்கவும் செய்வார். கைமாறியது சில உரிமைகள் மட்டும்.

அங்கே இதற்கு கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் என்று பெயர். நம் கிரயப் பத்திரங்களில் ‘வண்டித்தட பாத்தியம்’, ‘வாய்க்கால் பாத்தியம்’ என்று எழுதுகிறோமே, அதே குடும்பம்தான், ஆனால் தலைகீழ். வண்டித்தட பாத்தியம் அடுத்தவர் நிலத்தில் ஒன்றைச் செய்துகொள்ளும் உரிமை. இதுவோ, நிலத்துக்காரர் தம் நிலத்திலேயே சிலவற்றைச் செய்யாதபடி தடுக்கும் உரிமை. மனை போடுவது, நிலத்தைத் துண்டாடுவது, ஆழ உழுது தோப்பு வைப்பது போன்ற உரிமைகளை அவர் விட்டுக்கொடுக்கிறார். ஒரு நில அறக்கட்டளையோ அரசுத் துறையோ அவற்றை வாங்கி, யாரும் பயன்படுத்தாமல் காவல் இருக்கிறது. கலிபோர்னியாவில் 1979-இல் குடிமைச் சட்டத்தில் சேர்ந்த 815-ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. அந்த மாநிலத்தில் இதற்குக் காலவரையறை கிடையாது. அடுத்தடுத்து யார் வாங்கினாலும் பத்திரம் நிலத்தோடு போகும். இந்தக் கடிதத்தில் இதைப் பாதுகாப்புப் பாத்தியம் என்று குறிப்பிடுகிறோம்.

செய்திகள் வழக்கமாக ஏக்கர் கணக்கோடு நின்றுவிடுகின்றன. இத்தனை ஆயிரம் ஏக்கர், இத்தனை கோடி டாலர், முடிந்தது. ஆனால் செய்யக் கூடாதவற்றை எழுதுவது இந்தப் பத்திரத்தில் சுலபமான பகுதி. எந்த வேலை ஆண்டுதோறும் நடந்தாக வேண்டும், அதற்கான காசு எங்கிருந்து வரும் என்று எழுதாத பத்திரம், விலங்கைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே அதைக் கொன்றுவிடும். கலிபோர்னியப் புலி சலமாண்டரை வைத்து இதைக் காட்டலாம்.

கறுப்பு உடலில் மஞ்சள் புள்ளிகள், சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், பார்க்கப் பல்லி போல இருந்தாலும் தவளை இனத்துக்கு உறவு. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிக்கிறது. தானாக வளை தோண்டத் தெரியாது. தரை அணிலும் கோஃபர் எலியும் தோண்டிய வளைகளில் ஒண்டுக்குடித்தனம். குளிர்கால மழை இரவுகளில் வெளியே வந்து, நீர் தேங்கிய குட்டைக்கு நடந்து, முட்டையிட்டுவிட்டு வளைக்குத் திரும்புகிறது. குட்டைக்கும் வளைக்கும் இடையே 2 கிலோமீட்டர்கூட நடக்கும். அதனால் குட்டையைச் சுற்றி நாலு ஏக்கருக்கு வேலி போட்டுப் ‘பாதுகாத்தோம்’ என்றால் பாதிக் குடும்பம் வேலிக்கு வெளியே நிற்கும். சான்டா பார்பரா பகுதியில் இருப்பது 2000-இலும் சொனோமா பகுதியில் இருப்பது 2003-இலும் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் சேர்ந்தன. மத்தியப் பகுதியில் இருப்பது 2004-இல் அச்சுறுத்தலுக்கு உள்ளானதாக அறிவிக்கப்பட்டது. அது முட்டையிட்டுவந்த இயற்கையான மழைக்குட்டைகள் பெருமளவு வயலாகவும் ஊராகவும் மாறிவிட்டன. இன்று பல இடங்களில் அதற்கு மிஞ்சியிருப்பது, பண்ணைக்காரர்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஓடைக்குக் குறுக்கே மண் கரை கட்டி உண்டாக்கிய குட்டைதான். அரசு வெட்டிய குளம் அல்ல, காட்டு ஏரியும் அல்ல.

அந்தக் குட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பான கணக்கு உண்டு. முட்டை பொரிந்து, குஞ்சு செவுளை இழந்து நிலத்துக்கு ஏறக் குறைந்தது 10 வாரம் நீர் நிற்க வேண்டும். மே, ஜூன் வரை நின்றால் நிம்மதி. அதற்காக ஆண்டு முழுவதும் நீர் நின்றால் நல்லது என்று நினைத்தால் அங்கேதான் தப்பு. வற்றாத குட்டையில் மீன் குடியேறும். காளைத் தவளை குடியேறும். இரண்டும் குஞ்சுகளைத் தின்றுவிடும். காளைத் தவளையின் தலைப்பிரட்டை வளர்ந்து முடிய ஒரு குளிர்காலமாவது நீரிலேயே கழிய வேண்டியிருப்பதால், செப்டம்பர், அக்டோபரில் குட்டை காய்ந்தால் அதன் கதை முடியும். இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. டெக்சஸ் பக்கத்துப் பட்டைச் சலமாண்டரைத் தூண்டில் இரைக்காக வியாபாரிகள் சென்ற நூற்றாண்டின் நடுவில் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது உள்ளூர் இனத்தோடு கலந்தது. கலப்பினம் வற்றாத குட்டைகளில் கொழிக்கிறது. எனவே நல்ல குட்டை என்பது வைகாசி வரை நீர் நின்று புரட்டாசியில் வெடித்துக் கிடப்பது. கரையின் அடியில் ஒரு வடிகால் குழாயும் வால்வும் வைத்துவிட்டால், மழை அதிகமான ஆண்டிலும் கோடை இறுதியில் திறந்து காயவைக்கலாம்.

மண் கரைக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு மழைக்கும் வண்டல் இறங்கி ஆழம் குறையும். தரை அணில் கரையிலேயே வளை போட்டு நீரைக் கசியவிடும். கலிங்கு அரித்துப் பள்ளமாகி ஒரு பெருமழையில் கரையோடு போகும். தூர்வாரி, கரையை வெட்டித் திரும்ப இறுக்கி, கலிங்குக்குக் கல் பாவினால் இன்னும் சில பத்தாண்டு ஓடும். வேலை நடக்க வேண்டியது குட்டை காய்ந்த பிறகு, முதல் மழைக்கு முன். அள்ளிய வண்டலை எங்கே கொட்டுகிறார்கள் என்பது முக்கியம். பக்கத்து மேட்டில் பரப்பினால் அணில் வளைகளின் வாயை அடைத்து, உள்ளே கோடைத் தூக்கத்தில் இருக்கும் சலமாண்டரை உயிரோடு புதைப்பதாகிவிடும். இத்தனைக்கும் ஒரு சாதாரண மாட்டுக் குட்டையைத் தூர்வார ராணுவப் பொறியாளர் படை, அமெரிக்க ஒன்றிய அரசின் மீன் வனவிலங்குத் துறை, மாநிலத் துறை, நீர்த்தர வாரியம், மாவட்டத்தின் மண்வெட்டு அனுமதி என்று ஐந்து கதவைத் தட்ட வேண்டி வரலாம். அனுமதிச் செலவு புல்டோசர் வாடகையைத் தாண்டும்போது பண்ணைக்காரர் குட்டையை விட்டுவிட்டு, குழாய் இழுத்துத் தொட்டி வைத்துக்கொள்கிறார். சட்டம் எதையும் மீறாமல் ஒரு இனப்பெருக்க இடம் செத்துப்போகிறது. அலமீடா மாவட்டத்தில் வளப் பாதுகாப்பு அமைப்பு இந்த அனுமதிகளை ஒரே கட்டாகத் தான் வாங்கிவைத்துக்கொண்டு, சேர விரும்பும் பண்ணைகளுக்கு அதன் கீழ் வேலை செய்து கொடுக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்பில் இதைவிட உபயோகமான காகித வேலையை நாங்கள் அறியோம்.

அடுத்தது மேய்ச்சல். பாதுகாப்பு என்றதும் மாட்டை வெளியே ஓட்டு என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். சேக்ரமென்டோ பக்கத்து மழைக்குட்டைகளில் சில வேலித் துண்டுகளுக்குள் மூன்று ஆண்டு மேய்ச்சலை நிறுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. மேய்ச்சல் நின்ற குட்டைகளில் நீர் தேங்கும் காலம் 50 முதல் 80 சதவீதம் வரை சுருங்கியது. காரணம் எளிது. அங்கே இன்று முளைப்பது பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த ஓராண்டுப் புல். மாடு தின்னாவிட்டால் அது அடர்ந்து குட்டை நீரை உறிஞ்சித் தள்ளும். காய்ந்தபின் மெத்தை போல் மூடிக்கொள்ளும். உள்ளூர்ச் செடிகள் அமுங்கிப்போகும். தரை அணிலுக்கும் உயரப் புல் ஆகாது, தூரத்தில் வரும் பகை தெரிய வேண்டும். அணில் குறைந்தால் சில ஆண்டுகளில் வளைகள் இடியும். வளை இடிந்தால் சலமாண்டருக்கு வீடு இல்லை. அணிலை வளைக்குள் நச்சுப்புகை போட்டுக் கொல்வது இன்னும் மோசம். புகை ஆள் பார்த்து நுழைவதில்லை.

ஆக, மேய்ச்சல் வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. இதைக் கண்ணால் பார்த்துச் சண்டை போடாமல் அளக்க ஒரு வழி இருக்கிறது. இலையுதிர் காலத்தில், மழைக்குச் சற்று முன், 0.96 சதுர அடிப் பரப்புள்ள ஒரு கம்பி வளையத்தை (விட்டம் பதின்மூன்றேகால் அங்குலம்) புல் மீது போடுகிறார்கள். வளையத்துக்குள் நிற்கும் பழைய காய்ந்த புல்லைத் தரையோடு கத்தரித்து நிறுக்கிறார்கள். கிராமில் வரும் எடையை நூறால் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை பவுண்டு மிச்சம் என்று வந்துவிடும். வளையத்துக்கு அந்த விசித்திர அளவு வைத்ததே இந்தப் பெருக்கலுக்காகத்தான். ஓக் மரத்துச் சருகையும் கோடையில் முளைத்த களையையும் சேர்க்கக் கூடாது. இதை மறந்து நிறுத்தவர்கள்தான் ‘புல் ஏராளம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஓக் மரங்கள் ஆங்காங்கே நிற்கும் மலைப் புல்வெளியில் சமதரைக்கு 500 பவுண்டு, செங்குத்தான சரிவுக்கு 800 பவுண்டு போல மிச்சம் வைக்கச் சொல்வார்கள். கடலோரப் புல்வெளியில் இது இரு மடங்குக்கு மேல். குறைந்தால் மண் அரிக்கும். மிகுந்தால் மேலே சொன்ன மெத்தை.

இந்த எண்ணைப் பாதுகாப்புப் பாத்தியப் பத்திரத்திலேயே எழுதிவிடலாமே என்று தோன்றும். எழுதக் கூடாது என்பது எங்கள் கட்சி. பத்திரம் நிரந்தரம், வானிலை நிரந்தரம் அல்ல. பத்திரத்தில் ‘மேய்ச்சல் மேலாண்மைத் திட்டம் ஒன்று இருக்கும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை இருதரப்பும் திருத்தும்’ என்று மட்டும் எழுதி, பவுண்டு கணக்கைத் திட்டத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடும் வறட்சி வரும் ஆண்டில் நேர்மையான பண்ணைக்காரர் பத்திர மீறல்காரராகி நிற்பார்.

பத்திரத்தில் கட்டாயம் இறுக்க வேண்டிய சொற்களும் உண்டு. முதன்மையானது ‘விவசாயம்’. ‘நிலம் விவசாயத்துக்கு மட்டுமே பயன்படும்’ என்று அழகாக எழுதிவிட்டுப் போனால், திராட்சைத் தோட்டமும் பாதாம் தோப்பும் விவசாயம்தானே என்று அடுத்த உரிமையாளர் கேட்பார். கேட்பதில் தப்பும் இல்லை. மத்தியப் பள்ளத்தாக்கின் ஓரங்களில் மேய்ச்சல் நிலத்துக்கு வீட்டுமனையைப் போலவே தோப்பும் எமன். மழைக்குட்டை நீரைத் தாங்குவது அடியில் இருக்கும் இறுகிய மண்தட்டு. தோப்புக்கு வேர் இறங்க வேண்டும் என்று அந்தத் தட்டைக் கிழிப்பார்கள். பார்டன் ரேஞ்ச் வழக்கில் பேசப்பட்டது இதுதான்: சேக்ரமென்டோ பக்கத்தில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணையை வாங்கியவர், 4 முதல் 7 அடி நீள இரும்புக் கொழுக்களை டிராக்டருக்குப் பின்னால் பூட்டி இழுத்தார். சதுப்பு நிலத்துக்கு அது சேதம் என்று ஒன்றிய அரசு வழக்காடியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001-இல் அரசின் பக்கம் நின்றது. 2002-இல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 4 என்று பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. ஒருமுறை கிழிந்த தட்டைத் தைக்க முடியாது. ஆகவே பத்திரத்தில் ‘மேய்ச்சல் அனுமதி, ஆழ உழவு, நிரந்தரப் பயிர், நிலச் சமன்படுத்தல் தடை’ என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

துண்டாடல் தடையிலும் ஒரு சூது இருக்கிறது. வெளியே பார்க்க ஒரே வேலிக்குள் இருக்கும் பத்தாயிரம் ஏக்கர், பழைய அரசு வழங்கல் ஆவணங்களின்படி பல சட்டப்பூர்வமான துண்டுகளாக இருக்கலாம். புதிதாகப் பிரிக்காமலேயே ஒவ்வொன்றையும் தனித்தனியாக விற்கலாம். ‘நிலத்தைப் பிரிக்கக் கூடாது’ என்று எழுதினால் போதாது. ‘இருக்கும் துண்டுகளையும் தனித்தனியே விற்கக் கூடாது’ என்று எழுத வேண்டும். பண்ணை வீடு, மகனுக்கு ஒரு வீடு, வைக்கோல் கொட்டகை ஆகியவற்றுக்கான இடத்தை, ஐந்து ஏக்கர் என்றால் ஐந்து ஏக்கர், வரைபடத்தில் எல்லை குறித்து ஒதுக்க வேண்டும். ‘எங்காவது ஒரு இடத்தில்’ என்று விட்டால், அந்த எங்காவது நல்ல காட்சி தெரியும் மேட்டில்தான் வரும். மேட்டில்தான் வளைகளும் இருக்கும்.

இனி நடைமுறை. முதல் வேலை வில்லங்கம் பார்ப்பது. அமெரிக்க மேற்கில் நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும் அடியில் உள்ள எண்ணெய், கனிமம் இன்னொருவருக்கும் இருப்பது சகஜம். அடியுரிமைக்காரர் நாளை வந்து தோண்டினால் பாத்தியம் அவரைத் தடுக்காது. அதனால் வரிச் சலுகை வேண்டுமானால், மேற்பரப்பில் சுரங்கம் வரும் வாய்ப்பு பொருட்படுத்த வேண்டாத அளவு சொற்பம் என்று நிலவியலாளர் அறிக்கை வேண்டும். அடுத்தது அடமானம். பண்ணை வங்கியில் அடகில் இருந்தால், கடன் தவறி ஏலத்துக்கு வரும்போது பாத்தியம் அடிபட்டுப் போகக் கூடாது. வங்கி தன் உரிமையைப் பாத்தியத்துக்குப் பின்னால் நிறுத்திக்கொள்வதாக எழுதித் தர வேண்டும். அதுவும் பாத்தியம் பதிவாகும் நாளில் கையில் இருக்க வேண்டும். கொலராடோவில் 2003 கடைசியில் பாத்தியம் கொடுத்த ஒரு பண்ணையில் வங்கியின் இந்த ஒப்புதல் 2005 டிசம்பரில்தான் வந்தது. கடனைத் தவறாமல் கட்டிவந்தார்கள், வங்கிக்கும் ஆட்சேபம் இல்லை; இருந்தும் முழு வரிக்கழிவும் போயிற்று. 2015-இல் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒரு தாள், இரண்டு ஆண்டுத் தாமதம்.

மதிப்பு போடுவது ‘முன், பின்’ முறை. உதாரணத்துக்கு ஆயிரம் ஏக்கர். பாத்தியத்துக்கு முன் ஏக்கர் 4,000 டாலர், பின் 2,400 டாலர் என்று மதிப்பீட்டாளர் சொன்னால் வித்தியாசமான 16 லட்சம் டாலர்தான் பாத்தியத்தின் விலை. இதைப் பணமாக வாங்கலாம், கொடையாகத் தரலாம், பாதிப் பாதியாகவும் செய்யலாம். ஒன்றிய வேளாண் துறையின் 2014-ஆம் ஆண்டுத் திட்டம் வழக்கமாக மதிப்பில் 50 சதவீதம் வரையும், சிறப்புச் சூழல் முக்கியத்துவமுள்ள புல்வெளிக்கு 75 சதவீதம் வரையும் தருகிறது. கொடையாகத் தந்த பகுதிக்கு வருமான வரிக் கழிவு உண்டு. 2015-இல் நிரந்தரமாக்கப்பட்ட விதிப்படி, ஆண்டு வருமானத்தில் 50 சதவீதம் வரை கழிக்கலாம். வருமானத்தில் பாதிக்கு மேல் விவசாயத்திலிருந்து வருபவர் 100 சதவீதம் வரை கழிக்கலாம். மிச்சத்தை 15 ஆண்டு கொண்டுபோகலாம். மதிப்பீடு கொடைக்கு 60 நாளுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. கணக்கில் வருவது பதிவான நாள்; டிசம்பர் 30-இல் கையெழுத்துப் போட்டு ஜனவரியில் பதிவு செய்தால் அது அடுத்த ஆண்டுக் கொடை.

கையெழுத்துக்கு முன் நிலத்தின் அன்றைய நிலவரத்தை ஆவணப்படுத்த வேண்டும்: எந்தக் குட்டை எவ்வளவு ஆழம், எந்த வேலி எங்கே, எந்தப் பாதை மண், எது ஜல்லி. ஒவ்வொரு படத்துக்கும் ஜிபிஎஸ் புள்ளியும் பார்த்த திசையும் குறித்து, இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். இருபது ஆண்டு கழித்து ‘இந்தக் கொட்டகை அன்றைக்கே இருந்தது’ என்று ஒருவர் சொல்லும்போது பேசப்போவது இந்தப் படம் மட்டுமே. வேலை நெருக்கும் டிசம்பரில் அவசரமாக எடுக்கப்பட்டுத் திசை குறிக்காமல் விடப்பட்ட நூறு படங்களைவிடத் திசை குறித்த இருபது படம் மேல்.

பிறகு, எல்லோரும் மறக்கும் செலவு. பாத்தியத்தை வைத்திருக்கும் அறக்கட்டளை ஆண்டுக்கு ஒருமுறையாவது நிலத்தை நடந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும், என்றென்றைக்கும். ஒரு பண்ணைக்கு ஆண்டுக்கு 3,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 4 சதவீதம் எடுத்துச் செலவழிக்க 75,000 டாலர் வைப்புநிதி வேண்டும். மீறலுக்கு வழக்காட அதற்கு மேல். 2013 முதல் அறக்கட்டளைகள் சேர்ந்து நடத்தும் டெராஃபர்மா என்ற காப்பீடு இந்த வழக்குச் செலவில் ஒரு பங்கைத் தாங்குகிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் குட்டையைத் தூர்வார, வடிகால் குழாய் மாற்ற, தொட்டிக்குள் விழுந்த பறவையும் அணிலும் ஏறி வரச் சரிவுப் பலகை பொருத்த யார் பணம் தருவது என்று பல பத்திரங்களில் ஒரு வரிகூட இருக்காது. மேற்பார்வைக்கு நிதி உண்டு, மேற்பார்வையில் கண்ட கோளாறைச் சரிசெய்ய நிதி இல்லை! விற்பனைத் தொகையிலேயே ஒரு பங்கைக் குட்டைக் கணக்கு என்று தனியே கட்டிவைக்காத எந்தப் பத்திரத்துக்கும் பொதுப்பணம் தரக் கூடாது என்பது எங்கள் கருத்து.

வரிச் சலுகை இருக்கும் இடத்தில் கள்ளத்தனமும் இருக்கும். முதலீட்டாளர்களைச் சேர்த்து ஒரு நிலத்தை வாங்கி, சில மாதத்தில் அது பல மடங்கு மதிப்பு என்று மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கி, பாத்தியம் கொடுத்து, ஆளுக்குப் போட்ட பணத்தைவிடப் பெரிய கழிவு எடுக்கும் வியாபாரம் பல ஆண்டு நடந்தது. 2016 இறுதியில் வருமான வரித் துறை இதைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. 2022 டிசம்பரில் வந்த சட்டம், போட்ட முதலில் இரண்டரை மடங்கைத் தாண்டும் கழிவைப் பொதுவாக ரத்து செய்தது. இதை வைத்து மொத்த ஏற்பாட்டையும் பணக்காரர் விளையாட்டு என்பவர்கள் உண்டு. தலைமுறையாக மாடு மேய்த்து வரும் குடும்பத்தின் பத்திரமும் அந்தக் கும்பலின் பத்திரமும் ஒன்றல்ல. எனினும் பொதுப்பணம் வாங்கிய பண்ணைகளின் ஆண்டறிக்கை மக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று கேட்பவர்களை நாங்கள் ஆதரிக்கிறோம். நிலத்துக்குள் எல்லோரையும் விட வேண்டியதில்லை. அறிக்கையைக் காட்டுவதில் என்ன கஷ்டம்?

பெரிய பண்ணை என்றால் தெஹோன் ரேஞ்சைச் சொல்லாமல் முடியாது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே சுமார் 2,70,000 ஏக்கர். 2008-இல் அதன் உரிமையாளரான நிறுவனமும் ஐந்து சூழல் அமைப்புகளும் ஒப்பந்தம் செய்து, 2,40,000 ஏக்கர் வரை காப்பது, பதிலுக்கு மீதியில் கட்டுமானத்தை அந்த அமைப்புகள் எதிர்க்காமல் இருப்பது என்று முடிவாயிற்று. 2011-இல் மாநில அரசு அதில் 62,000 ஏக்கருக்கான பாத்தியத்தை 1.58 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த மலைகள் கலிபோர்னியப் பெருங்கழுகான காண்டோர் பறக்கும் இடம். 1987-இல் உலகத்திலேயே 27 காண்டோர்தான் மிச்சம், எல்லாம் கூண்டில்; 1992-இல் திரும்ப விடத் தொடங்கினார்கள். ஆனால் விடப்பட்ட பறவைகளை அதிகம் கொன்றது இடமின்மை அல்ல, ஈயம். வேட்டைக்காரர் சுட்ட விலங்கின் குடலில் சிதறிக் கிடக்கும் ஈயத் தோட்டாத் துணுக்கைத் தின்று நஞ்சேறிச் சாகின்றன. நிலத்தைப் பூட்டிவைத்த பத்திரம் தோட்டாவைப் பற்றி வாய் திறக்காவிட்டால் பாதிக் காரியம்தான். தெஹோன் நிறுவனம் 2008-இல் தன் நிலத்தில் ஈயத் தோட்டாவைத் தடைசெய்தது. மாநிலம் முழுக்க வேட்டைக்கு அந்தத் தடை 2019-இல் முழுமையாக வந்தது.

பண்ணைக்காரர்களின் பயத்தையும் சொல்ல வேண்டும். 1973-ஆம் ஆண்டு அழியும் உயிரினச் சட்டப்படி பட்டியலில் உள்ள விலங்குக்குத் தீங்கு செய்தால் தண்டனை. விளைவு, ‘சுடு, புதை, வாயை மூடு’ என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு. தன் குட்டையில் சலமாண்டர் இருப்பது தெரிந்தால் தலைவலி என்று நினைப்பவர் அதைக் கணக்கெடுக்க யாரையும் உள்ளே விடமாட்டார். 2004-இல் மத்தியப் பகுதிச் சலமாண்டரைப் பட்டியலில் சேர்த்தபோதே, வழக்கமான மேய்ச்சல் வேலைகளுக்கும் குட்டைப் பராமரிப்புக்கும் சிறப்பு விதி போட்டு விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கு இல்லாமல் பாத்தியத் திட்டங்களுக்கு இத்தனை கையெழுத்து விழுந்திருக்காது.

நம் ஊருக்கு இது வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சட்டச் சிக்கலைச் சொல்லியாக வேண்டும். இந்திய ஈஸ்மென்ட் சட்டம் 1882-ஆம் ஆண்டினது. அது முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 4-ஆம் பிரிவின்படி பாத்தியம் என்பது இன்னொரு நிலத்தின் அனுபோகத்துக்காக இருக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் நிலம் இருந்தால்தான் உங்கள் நிலத்தில் எனக்குப் பாத்தியம். நிலமே இல்லாத ஓர் அறக்கட்டளை, ஒரு பறவைக்காக உங்கள் நிலத்தில் பாத்தியம் வைத்திருக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. அமெரிக்க மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்றியதே இந்தத் தடையைத் தாண்டத்தான். இங்கே நெருங்கி வருவது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2003 முதல் நடைமுறையில் உள்ள 36சி பிரிவு. தனியாரோ சமூகமோ முன்வந்தால் அந்த நிலத்தைச் சமூகக் காப்பகமாக அரசு அறிவிக்கலாம். ஆனால் அதன்பின் நிலப் பயன்பாட்டை மாற்ற நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும். விட்டுக்கொடுத்த உரிமைக்கு விலை போட்டுப் பணம் தரும் ஏற்பாடு அதில் இல்லை. அதனால் விவசாயிக்கு அது பத்திரமாகத் தெரிவதில்லை, அறிவிப்பாகத்தான் தெரிகிறது.

தனியார் மேய்ச்சல் நிலம் என்றால் தமிழ்நாட்டில் காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொரங்காடுகள்தான் நினைவுக்கு வரும். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல். பட்டா நிலம், பல தலைமுறை மேய்ச்சல். அதற்கென்று என்றாவது ஒரு சட்டமும் பத்திரமும் எழுத உட்காருவார்களானால், மனை போடத் தடை என்ற வரியைக் கடைசியில்கூட எழுதிக்கொள்ளலாம். வேலியில் கிளுவை பட்டுப்போன இடைவெளியை ஆண்டுதோறும் யார் போத்து நட்டு அடைப்பது, அந்தக் கூலி எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பது முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மேய்ச்சல் நிலப் பத்திரப் பணியில் உள்ள வாசகர்கள் இருவர்